ஒரே அட்டவணை, இரண்டு உடல்கள்

கணவனும் மனைவியும் சேர்ந்து எடைப் பயிற்சி செய்வது நகரங்களில் இன்று பழகிப்போன காட்சி. திருவனந்தபுரமும் இதற்கு விலக்கன்று. கவடியார், பட்டம், கழக்கூட்டம் என எந்தப் பக்கம் போனாலும் காலையிலும் மாலையிலும் இணையராக வருவோரை உடற்பயிற்சிக்கூடங்களில் காணலாம். பெரும்பாலும் இருவரில் ஒருவர் முன்பே பழகியவராக இருப்பார், மற்றவர் புதியவர். பழகியவர் தம் அட்டவணையையே புதியவரிடமும் கொடுப்பார். திங்கள் மார்பு, செவ்வாய் முதுகு, புதன் கால் என்று ஓடும் அந்த அட்டவணை, எழுதியவருடைய உடலின் வரலாற்றைச் சுமந்தது. அதைப் பெற்றுக்கொள்பவருடைய உடலுக்கு அந்த வரலாறு கிடையாது. சில வாரங்களில் தோள் வலியோ முட்டி வலியோ வரும். அல்லது வலி வரும் முன்பே மனக்கசப்பு வரும். பிறகு ஒருவர் மட்டும் தனியாகப் போகத் தொடங்குவார்.

இதை வெறும் அனுபவக் குறைவு என்று ஒதுக்கிவிட இயலாது. ஒருவர் உடலுக்கு இன்னொருவர் திட்டமிடுவது பழைய சிக்கல். அந்த இருவரும் வாழ்க்கைத் துணைகளாகவும் இருந்துவிட்டால் சிக்கல் இன்னும் இறுகும். கட்டளையிடும் உரிமை யாருக்கு, போதும் என்று நிறுத்தும் உரிமை யாருக்கு, வெற்றி யார் பெயரில் எழுதப்படும் என்ற கேள்விகள் வீட்டுக்குள் நுழைந்துவிடும். இக்கேள்விகளுக்குச் சிலர் தம் வாழ்க்கையால் விடை கூறியுள்ளனர். அவ்விடைகளில் முதன்மையான சில, திருவனந்தபுரத்தோடு தொடர்புடையவை.

முதலில் களரி. 'களரிப்பயற்று' என்னும் மலையாளத் தொடரின் இரண்டாம் பகுதி, தமிழின் 'பயில்', 'பயிற்று' என்னும் சொற்களுக்கு உறவானது. தமிழில் பயிலுதல் என்பதற்கு ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்தல், பழகுதல், நெருங்கியிருத்தல் ஆகிய பொருள்கள் உண்டு. பயிற்சி என்ற சொல்லுக்குள் மீள்செய்கையும் நெருக்கமும் ஒருசேர அடங்கியிருப்பது நோக்கத்தக்கது. 'மெய்' என்னும் சொல்லும் அவ்வாறே. உடலுக்கும் உண்மைக்கும் தமிழ் ஒரே பெயரை வைத்திருக்கிறது. களரியின் முதற்கட்டப் பயிற்சிக்கு 'மெய்த்தாரி' என்று பெயர்.

திருவனந்தபுரம் கிழக்கேக்கோட்டையில் உள்ள சி.வி.என். களரியை 1956இல் சி.வி. கோவிந்தன்குட்டி நாயர் நிறுவினார். களரிப்பயற்றின் மறுமலர்ச்சிக்கு உழைத்த தலைச்சேரிப் பகுதியின் சி.வி. நாராயணன் நாயர் அவருடைய தந்தை. ஆகவே கிழக்கேக்கோட்டைக்கு வந்து சேர்ந்தது வடக்கன் முறை. அதே 1956இல்தான் மொழிவழி மாநில அமைப்பில் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. தெக்கன் முறையும் அடிமுறையும் வர்மமும் வேரோடியிருந்த நிலம் அது. வடக்கன் முறையில் ஆசிரியரைக் குருக்கள் என்பர்; தெக்கன் முறையில் ஆசான் என்பர். வர்ம ஏடுகளின் மொழி தமிழ். இவ்விரு மரபுகளும் சந்திக்கும் எல்லையில் நிற்கும் நகரம் திருவனந்தபுரம்.

களரியில் பயிற்சித் திட்டம் எழுதப்படுவதில்லை, சொல்லப்படுகிறது. அதற்கு 'வாய்த்தாரி' என்று பெயர். குருக்கள் ஒவ்வோர் அசைவையும் வாயால் சொல்லிக்கொண்டே போவார். மாணவர் உடலால் அதைத் தொடர்வார். சொற்கள் பெரும்பாலும் வினையெச்சங்களாய் அடுக்கிச் செல்லும். தமிழும் மலையாளமும் பகிர்ந்துகொள்ளும் இலக்கண வசதி இது: ஒரு செயல் முடியாமலேயே அடுத்த செயலுக்குக் கையைக் கொடுக்கும். முற்றுவினை வரும்வரை உடல் ஓயாது. இந்த அமைப்பில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சொல்பவர் மாணவரைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார். மாணவர் தடுமாறினால் அடுத்த சொல் தாமதிக்கும், தேறினால் விரையும். வரிசை மாறாது, வேகம் மாறும். அச்சிட்ட அட்டவணைக்கும் கைப்பேசியில் அனுப்பிய பட்டியலுக்கும் கண் கிடையாது. வாய்த்தாரிக்குக் கண் உண்டு.

மெய்த்தாரியில் மாணவர் தனியாக அசைவார். அடுத்த கட்டமான கோல்த்தாரியில்தான் இருவர் எதிரெதிரே நிற்பர். அதற்குப் பின் அங்கத்தாரி, இறுதியில் வெறுங்கை. கோல்த்தாரியில் ஒருவர் அடிக்க, மற்றவர் தடுப்பார். பிறகு இடம் மாறும். தேர்ந்தவர் தம் முழு வேகத்தைக் காட்டினால் புதியவரின் விரலில் அடி விழும். வேகத்தை மிகவும் குறைத்தால் புதியவர் எதையும் கற்கமாட்டார். எதிரில் நிற்பவருடைய எல்லைக்குச் சற்று அப்பால் தம் வேகத்தை நிறுத்துவதே தேர்ந்தவரின் கலை. குறுந்தடிக்கு முச்சாண் என்று பெயர். சாண் என்பது கையை விரித்து அளக்கும் அளவு. அளவுகோலே உடம்பில் இருந்து வந்தது.

பெண்களுக்கு இம்மரபில் இடம் இருந்ததா என்ற வினாவுக்கு வடக்கன் பாட்டுகள் ஒரு விடை தருகின்றன. புத்தூரம் வீட்டு உண்ணியார்ச்சை கூத்துக் காணப் புறப்பட்டு, வழியில் தன்னை மறித்தவர்களைத் தனியாக எதிர்கொள்கிறாள். உடன் வந்த கணவன் குஞ்ஞிராமன் நடுங்கி நிற்கிறான். மனைவி பயின்றவள், கணவன் பயிலாதவன் என்ற இந்த இணை, கேரள மக்களின் நினைவில் நூற்றாண்டுகளாக நிற்கிறது. பாட்டு குஞ்ஞிராமனைக் கேலிக்குரியவன் ஆக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறது. அவனுக்கு அவள் கற்றுக் கொடுத்தாளா என்று பாட்டு கேட்பதில்லை.

கேட்கப்படாத அந்தக் கேள்வியின் மறுபக்கத்தை நம் காலத்தில் வடகரையில் காணலாம். 1949இல் கடத்தநாடன் களரி சங்கத்தை நிறுவியவர் இராகவன் மாஸ்டர். அவரிடம் ஏழு வயதில் பயிலச் சேர்ந்த மீனாட்சி, பெண்கள் பூப்பெய்தியதும் களரியை விட்டு விலகும் வழக்கத்தை மீறித் தொடர்ந்து பயின்றார். பின்னர் ஆசிரியரையே மணந்தார். கணவர் மறைந்தபின் களரியின் பொறுப்பை ஏற்று நடத்தும் மீனாட்சி அம்மாவுக்கு 2017இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. ஆசிரியர்–மாணவி உறவு மணவுறவாகி, இறுதியில் மாணவியே ஆசிரியராகி நிற்கும் வரலாறு இது. ஆனால் அதன் திசை தெளிவானது: கணவன் கற்பித்தான், மனைவி கற்றாள். இனி வரும் எடுத்துக்காட்டுகளிலும் இத்திசை பெரும்பாலும் மாறுவதில்லை என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

களரியில் இல்லாத ஒன்று கிலோக் கணக்கு. நம் நாட்டு உடற்பயிற்சி மரபில் தண்டாலும் பஸ்கியும் உடலின் சொந்த எடையைப் பயன்படுத்தின. கர்லாக்கட்டை புற எடையைப் பயன்படுத்தியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் படையினர் கர்லாக்கட்டையை இங்கிருந்து கற்று ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றனர். அங்கே இலேசான கட்டைகளைக் கொண்டு பெண்களுக்கும் பயிற்சி அளிக்கப்பட்டது. ஆனால் கர்லாக்கட்டையின் எடை மாறாதது. இன்னும் கனம் வேண்டுமென்றால் இன்னொரு கட்டை செதுக்க வேண்டும். வலிமை வேறுபட்ட இருவர் ஒரே கட்டையில் பயில முடியாது. தகடுகளைக் கழற்றி மாட்டும் பார்பெல் பரவியபின்தான் அது இயல்வதாயிற்று. கணவன் 60 கிலோ வைத்துச் செய்து முடித்ததும் தகடுகளைக் கழற்றி, அதே தண்டில் மனைவி 30 கிலோ வைத்துச் செய்யலாம். இணையர் பயிற்சியின் பொருள்சார் அடிப்படை இந்த எளிய ஏற்பாடுதான்.

கருவி வந்தது, கணக்கு வரச் சிறிது காலம் பிடித்தது. 1904–05இல் யூஜின் சாண்டோ இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தபோது மக்கள் கண்டது தசையின் காட்சியை. எவ்வளவு எடை, எத்தனை முறை, எப்போது கூட்டுவது என்பதை மருத்துவ முறையில் வகுத்தவர் தாமஸ் டிலார்ம் என்னும் அமெரிக்கப் படை மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற வீரர்களுக்குச் சிகாகோ மருத்துவமனையில் சிகிச்சையளித்த அவர், 1945இல் தம் முறையை வெளியிட்டார். ஒருவர் சரியாகப் பத்து முறை மட்டுமே தூக்கக்கூடிய எடை எதுவோ, அதுவே அவருடைய அளவுகோல். 1948இல் வாட்கின்ஸ் என்பவரோடு சேர்ந்து அம்முறையை எளிமையாக்கினார்: அந்த அளவுகோலில் பாதி எடையில் பத்து, முக்கால் எடையில் பத்து, முழு எடையில் பத்து.

இது வெறும் எண் விளையாட்டு போலத் தோன்றலாம். ஆனால் இணையர் பயிற்சிக்கான விடை இதற்குள் இருக்கிறது. ஒருவரால் 60 கிலோவைப் பத்து முறை தூக்க முடிகிறது என்போம். அவருக்குரிய மூன்று படிகள் 30, 45, 60. மற்றவரால் 30 கிலோதான் முடிகிறது. அவருக்குரிய படிகள் 15, 22.5, 30. தண்டில் உள்ள எடை வேறு, உழைப்பு ஒன்றே. சராசரியாகப் பெண்களின் மேலுடல் வலிமை ஆண்களுடையதில் ஏறத்தாழப் பாதியளவிலும், கீழுடல் வலிமை ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கிலும் நிற்கிறது. எனவே கணவனுடைய எடைகளை ஒரே விகிதத்தில் குறைத்து மனைவிக்கு எழுதினாலும் தவறுதான்: ஸ்குவாட்டுக்குப் பொருந்தும் விகிதம் பெஞ்ச் பிரஸ்ஸுக்குப் பொருந்தாது. அதே வேளையில், பயிற்சியால் தொடக்க அளவிலிருந்து அடையும் முன்னேற்றம், விழுக்காட்டில் கணக்கிட்டால், இருபாலாரிடமும் ஏறத்தாழ ஒத்தே இருக்கிறது. மனைவிக்கு இளஞ்சிவப்பு டம்பெல் போதும் என்ற வழக்கத்துக்கு உடலியலில் ஆதாரம் இல்லை.

கணக்கு தெரிந்தால் மட்டும் போதுமா? இக்கேள்விக்கு விடை தேட வெள்ளயம்பலத்துக்குச் செல்ல வேண்டும். நீச்சல் குளமும் உடற்பயிற்சிக்கூடமும் சேர்ந்த அங்குள்ள உள்விளையாட்டரங்கம் ஜிம்மி ஜார்ஜின் பெயரைத் தாங்கியது. கண்ணூர் மாவட்டம் பேராவூரைச் சேர்ந்த அவர், இத்தாலியத் தொழில்முறை வாலிபால் தொடரில் ஆடிய முதல் இந்தியர். 1987 நவம்பர் 30 அன்று இத்தாலியில் கார் விபத்தில் இறந்தார். அண்ணன் தம்பிகள் எல்லோரும் வாலிபால் ஆடிய அந்தக் குடும்பத்தில், தம்பிகளில் ஒருவர் தடகளத்துக்குப் போனார். இராபர்ட் பாபி ஜார்ஜ், மும்முறைத் தாண்டலில் தேசியச் சாம்பியன். படித்தது இயந்திரப் பொறியியல்.

கோட்டயம் மாவட்டம் சங்ஙனாச்சேரி அருகே சீரஞ்சிறையில் 1977இல் பிறந்த அஞ்சு மார்க்கோஸ், ஏழு போட்டிகள் அடங்கிய ஹெப்டத்லானில் தொடங்கிப் பின் தாண்டல் போட்டிகளில் நிலைகொண்டவர். 1998 முதல் இராபர்ட் அவருடைய முழுநேரப் பயிற்சியாளரானார். 2000இல் இருவரும் மணந்தனர். அடுத்த ஆண்டு, 2001இல், திருவனந்தபுரத்தில் நடந்த தேசியச் சுற்றுப் போட்டியில் அஞ்சு பாபி ஜார்ஜ் 6.74 மீட்டர் தாண்டித் தம் சாதனையைத் தாமே முறியடித்தார். அந்த எண்ணின் மதிப்பு இரண்டாண்டு கழித்துத்தான் தெரிந்தது. 2003 ஆகஸ்டில் பாரிஸ் உலகத் தடகளப் போட்டியில் வெள்ளிப் பதக்கத்துக்குரிய தூரம் 6.74 மீட்டர். அஞ்சு அன்று 6.70 தாண்டி வெண்கலம் பெற்றார். உலகத் தடகளப் போட்டியில் பதக்கம் வென்ற முதல் இந்தியர் ஆனார்.

நீளம் தாண்டுபவரின் உடலுக்குத் திட்டமிடுவது எத்தகைய வேலை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஓடிவந்து பலகையில் ஊன்றும் ஒற்றைக் கால், உடல் எடையின் பல மடங்கு விசையை ஒரு நொடியின் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு நேரத்துக்குள் தாங்கித் திருப்பித் தர வேண்டும். அதற்குக் கனமான எடைப் பயிற்சி இன்றியமையாதது. ஆனால் எடைப் பயிற்சி மிகுந்து உடல் பருத்தால் காற்றில் சுமக்க வேண்டிய பாரமும் கூடும். வலிமை கூட வேண்டும், எடை கூடக் கூடாது. களைப்பு ஏற வேண்டும், போட்டி நாளில் அது வடிந்திருக்க வேண்டும். மாதக்கணக்கில் முன்னோக்கிப் பார்த்து ஒவ்வொரு வாரத்தின் பாரத்தையும் வகுக்கும் இந்த வேலை, பொறியாளர் ஒருவருக்குப் பிடித்துப்போகக் கூடியதே.

ஆனால் பொறியியலுக்கு அடங்காத ஒன்றும் இதில் இருந்தது. 2020 டிசம்பரில் அஞ்சு வெளிப்படையாக ஒரு செய்தியைப் பகிர்ந்தார். தமக்கு ஒற்றைச் சிறுநீரகம்தான் என்றும், வலிநிவாரணி மாத்திரைகூட ஒவ்வாது என்றும், ஊன்றித் தாண்டும் காலிலும் குறை இருந்தது என்றும் கூறி, இவ்வளவுக்கும் நடுவே உலகின் உச்சியைத் தொட்டது பயிற்சியாளரின் மாயமா என்று வியந்திருந்தார். இச்செய்தியைப் படித்தபின் பழைய எண்கள் வேறு வெளிச்சத்தில் தெரிகின்றன. வலிநிவாரணி இல்லாத உடலுக்கு, வலி வந்தபின் சரிசெய்துகொள்ளலாம் என்று திட்டமிட முடியாது; வலிக்கு முன்பே நிறுத்த வேண்டும். எந்தப் பாடநூலின் அட்டவணையும் அந்த உடலுக்கு எழுதப்பட்டதன்று. நாள்தோறும் உடனிருந்து பார்க்கும் கண் ஒன்று தேவைப்பட்டது. வாய்த்தாரியின் கண் போன்றது அது.

அந்தக் கண்ணுக்கும் எல்லை உண்டு என்பதை இராபர்ட் அறிந்திருந்தார் என்றே கருத வேண்டும். பாரிஸ் போட்டிக்கு முன் இருவரும் அமெரிக்கா சென்று மைக் பவலிடம் பயிற்சி பெற்றனர். 1991இல் டோக்கியோவில் 8.95 மீட்டர் தாண்டி உலகச் சாதனை படைத்தவர் பவல். தம் மனைவியின் தாண்டலைத் தமக்கு மேலானவர் ஒருவரின் பார்வைக்கு ஒப்படைக்கப் பயிற்சியாளர்–கணவன் முன்வந்தது சிறிய செய்தியன்று. எல்லாம் எனக்குத் தெரியும் என்ற நிலையிலிருந்து விலகி நிற்பதும் திட்டமிடலின் ஒரு பகுதிதான்.

2003ஆம் ஆண்டுக்கான கேல் ரத்னா விருது அஞ்சுவுக்கும், துரோணாச்சாரியார் விருது இராபர்ட்டுக்கும் வழங்கப்பட்டன. 2004 ஆகஸ்டில் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அஞ்சு தாண்டிய 6.83 மீட்டர், அன்று அவருக்கு ஆறாம் இடத்தைத் தந்தது. மரியன் ஜோன்ஸ் பின்னர்த் தகுதி நீக்கப்பட்டதால் அது ஐந்தாம் இடமானது. இருபது ஆண்டுகள் கடந்தும் அந்தத் தூரம் இந்தியப் பெண்களின் தேசியச் சாதனையாக நின்றது. இருவரும் இணைந்து பெங்களூரில் நடத்தும் பயிற்சி மையத்தில் உருவான ஷைலி சிங், 2021இல் நைரோபியில் 20 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் 6.59 மீட்டர் தாண்டி வெள்ளி வென்றார். ஒருவர் உடலுக்காக இருவர் கற்ற பாடம் மூன்றாமவர் ஒருவருக்குக் கைமாறியது.

இவ்வரலாற்றை மற்ற சில இணையரோடு வைத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. அமெரிக்காவில் டெரி டாட் 1960களில் பவர்லிஃப்டிங் விளையாட்டின் தொடக்க காலச் சாம்பியன். போட்டிகளிலிருந்து விலகியபின் 1973இல் ஜேன் என்பவரை மணந்தார். அவர் பயிற்சியில் ஜேன் டாட் 1970களில் உலகின் மிக வலிமையான பெண் என்று அறியப்பட்டார். கின்னஸ் நூலிலும் இடம்பெற்றார். பின்னர் இருவரும் சேர்ந்து டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் உடற்பண்பாட்டு வரலாற்றுக்கென ஓர் ஆய்வு மையத்தையே உருவாக்கினர். இராபர்ட் தம் சொந்தப் போட்டி வாழ்வை ஒதுக்கிவிட்டு மனைவியின் முழுநேரப் பயிற்சியாளரானவர்; டெரி முன்பே போட்டியை முடித்துக்கொண்டவர்; இராகவன் மாஸ்டர் ஆசிரியர். மூவருமே தம் துணையைத் தம் உடலோடு ஒப்பிட்டுப் பார்க்கும் தேவையிலிருந்து விடுபட்டவர்கள். திட்டம் எழுதுபவரின் உடல் கணக்கிலிருந்து வெளியேறியபோதுதான் மற்றவருடைய உடல் தெளிவாகத் தெரிந்தது.

பயிலும் இருவரும் ஒரே காலத்தில் பயில்பவர்களாக இருந்த எடுத்துக்காட்டுகளும் உண்டு. கர்ணம் மல்லேஸ்வரி 1997இல் மணந்த ராஜேஷ் தியாகியும் பளுதூக்கும் வீரரே. மூன்றாண்டு கழித்து 2000 சிட்னி ஒலிம்பிக்கில் 69 கிலோ பிரிவில் 110, 130 என மொத்தம் 240 கிலோ தூக்கி மல்லேஸ்வரி வெண்கலம் வென்றார். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். திசை முழுவதும் திரும்பிய எடுத்துக்காட்டு யோகத்தில் கிடைக்கிறது. பி.கே.எஸ். ஐயங்கார் 1943இல் இராமாமணியை மணந்தபோது மனைவிக்கு யோகம் தெரியாது. அவர் கற்பித்தார்; கற்ற இராமாமணி, கணவரின் ஆசனங்களைப் பார்த்துத் திருத்துபவராக வளர்ந்தார். தன் நிலையைத் தானே காண இயலாத உடலுக்கு வேறொருவரின் கண் வேண்டும். உலகப் புகழ்பெற்ற ஆசிரியருக்கு அந்தக் கண் அவர் மாணவியே. 1973இல் அவர் மறைந்தார். 1975இல் புனேயில் திறக்கப்பட்ட நிறுவனம் இராமாமணியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. எனினும் யோக வரலாறு எழுதுவோர் அந்தப் பெயரைக் கட்டடத்தின் பெயராகவே பெரும்பாலும் குறிப்பிட்டுச் செல்கின்றனர்.

இங்கேதான் பெயர் பற்றிய கேள்வி எழுகிறது. கணவன் பயிற்சியளித்து மனைவி வென்றால் அவ்வுழைப்புக்குத் துரோணாச்சாரியார் என்ற பெயர் காத்திருக்கிறது. அது தகுதியான பெருமைதான். ஆனால் கணவனின் உணவை, உறக்கத்தை, காயத்தை, களைப்பை ஆண்டுக்கணக்கில் கவனித்துத் திட்டமிட்ட மனைவியரின் வேலைக்கு மொழியில் 'பயிற்சி' என்ற சொல்லே தரப்படவில்லை. அது 'கவனிப்பு' என்று அழைக்கப்பட்டது. ஒரே வகை அறிவுக்கு இரண்டு பெயர்கள். ஒன்றுக்கு விருது உண்டு, மற்றதற்கு நன்றிகூட இல்லை. குஞ்ஞிராமனுக்கு யார் கற்றுக் கொடுப்பது என்று பாட்டு கேட்காமல் விட்டதற்கும் இதற்கும் உறவு இருக்கிறது.

இன்று திருவனந்தபுரத்தின் உடற்பயிற்சிக்கூடங்களில் சேர்ந்து நிற்கும் இணையர், மேற்கண்ட வரலாறுகளிலிருந்து ஒரு வகையில் வேறுபட்டவர்கள். அவர்கள் பதக்கத்துக்காகப் பயில்வதில்லை. இருவருமே பயில்பவர்கள், இருவருமே திட்டமிடுபவர்கள். இராபர்ட்டைப் போல ஒருவர் தம் உடலைக் கணக்கிலிருந்து விலக்கிக்கொள்ள வேண்டிய கட்டாயம் இங்கே இல்லை. விலக்கிக்கொள்வதற்கான வாய்ப்பும் குறைவு. கணவன் கைக்கெட்டும் தூரத்தில் 80 கிலோ தூக்கிக்கொண்டிருக்கும்போது மனைவியின் 30 கிலோ சிறியதாகத் தெரிவது இயல்பு. மனைவி நெடுநாள் பழகியவராகவும் கணவன் புதியவராகவும் இருந்தால் வேறொரு வகைச் சங்கடம்: மற்றவர்கள் பார்க்கிறார்கள் என்பதற்காகவே தாங்காத எடையை அவன் தண்டில் ஏற்றுவான். இரு நேர்விலும் பிழை ஒன்றே. துணையின் தண்டில் உள்ள எண் அளவுகோலாகிவிடுகிறது.

இவ்விடத்தில் டிலார்ம் வகுத்த கணக்கும் கோல்த்தாரியின் ஒழுங்கும் கைகொடுக்கின்றன. முதலாவது, ஒவ்வோர் உடலுக்கும் அதனுடைய பத்தே அளவுகோல் என்று சொல்கிறது. இருவரும் தத்தம் ஏட்டில் தத்தம் எண்களை எழுதிக்கொண்டால் ஒப்பீட்டுக்கு இடமில்லை. இரண்டாவது, ஒருவர் அடிக்கும்போது மற்றவர் தடுப்பவர், பிறகு இடம் மாறும் என்று சொல்கிறது. ஒருவர் தூக்கும்போது மற்றவர் பின்னால் நின்று தண்டைக் காக்க வேண்டும். அடுத்த முறை காத்தவர் தூக்குவார். ஆறு வாரம் கணவன் எழுதிய திட்டம் என்றால் அடுத்த ஆறு வாரம் மனைவி எழுதிய திட்டமாக இருக்கலாம். புதியவரிடம் திட்டம் எழுதும் அறிவு தொடக்கத்தில் இராது. ஆயினும் இன்று தூக்கம் எப்படி, வலி எங்கே, மாதவிடாய் நாளில் எடையைக் குறைப்பதா அப்படியே தொடர்வதா என்பதெல்லாம் அவ்வுடலுக்கு உரியவருக்கு மட்டுமே தெரிந்த செய்திகள். அவற்றைக் கேட்காமல் எழுதப்படும் அட்டவணை பாதித் திட்டமே.

சேர்ந்து பயில்வதில் ஓர் இடரும் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வேறொரு பயிற்சியாளரிடம் 'இன்று முடியாது' என்று சொல்வது எளிது. துணையிடம் அப்படிச் சொன்னால் அது பயிற்சியைப் பற்றிய பேச்சாக நிற்பதில்லை. மறுப்பு, சோம்பல், அன்பின்மை என்று வீட்டின் அகராதியில் அதற்கு வேறு பொருள்கள் ஏறிவிடும். எனவே 'போதும்' என்ற சொல்லுக்கு விளக்கம் கேட்பதில்லை என்ற உடன்பாடு எந்த அட்டவணைக்கும் முன்பே எழுதப்பட வேண்டியது. வலிநிவாரணி ஒவ்வாத ஓர் உடலை உலகின் உச்சிவரை கொண்டுசென்ற திட்டத்தில், எவ்வளவு செய்வது என்பதற்கு நிகராக எங்கே நிறுத்துவது என்பதும் எழுதப்பட்டிருந்திருக்க வேண்டும்.

6.74 என்ற எண்ணைத் திருவனந்தபுரம் 2001இல் கண்டது. ஏடுகளில் அது அஞ்சு பாபி ஜார்ஜ் என்ற பெயருக்கு எதிரே இருக்கிறது. அந்தப் பெயருக்குள்ளேயே இருவர் இருக்கிறார்கள். தாண்டியது ஓர் உடல். அந்த உடலை அறிந்திருந்தவர்கள் இருவர்.